சிம்லாவுக்குப் போகாதவள்

2024

செப்டம்பர் 9, திங்கள்

இன்று புதுச்சேரி இங்கிலீஷ் கோச்சிங் கிளாஸில் ராஜ்கமல் சார் எல்லோருக்கும் ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். மேலே கொட்டை எழுத்தில் ‘சிம்லா ஸ்டோரி’. குடும்பத்தோடு சிம்லாவுக்குப் போனோம், ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது, காலையில் கதவைத் திறக்க முடியவில்லை, இரண்டு நாள் ஹோட்டலுக்குள்ளேயே கேரம்போர்டு ஆடினோம். இதுதான் கதை. இதற்குள் ‘ஸ்நோட் இன்’ என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கதையே.

சார் விளக்கினார். பனி பெய்கிறது என்பதற்காக மட்டும் அதைச் சொல்லக்கூடாதாம். வாசலும் ரோடும் மூடும் அளவுக்குக் கொட்ட வேண்டும், உள்ளே இருப்பவர்கள் வெளியே போக முடியாமல் ஆக வேண்டும். அப்போது “வீ வேர் ஸ்நோட் இன்” என்று சொல்லலாம். வேலை தலைக்கு மேல் குவிந்துவிட்டால் அது வேறு, அது ‘ஸ்நோட் அண்டர்’. இப்படி ஒன்றிரண்டு சொற்களை உள்ளே தள்ளினால் ஸ்பீக்கிங் பரீட்சையில் பேண்ட், அதாவது மார்க், ஏறுமாம்.

கிளாஸில் இருக்கிற எல்லோரும் நர்ஸுகள். எல்லோரும் சிம்லாவுக்குப் போய்வந்தவர்கள் ஆகிவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்மையார்பாளையம் ஆரோக்கியசெல்வி என் காதில், “ஏய் சூர்யகலா, நாம எல்லாம் ஒரே ஹோட்டல்லயா தங்கினோம்?” என்றாள். சிரிப்பை அடக்க இருமினேன்.

நான் போனதில் அதிக தூரம் வேலூர். அதுவும் நர்சிங் கவுன்சிலிங்குக்கு.

செப்டம்பர் 13, வெள்ளி

நைட் ட்யூட்டி முடிந்து வரும் வழியில் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் இறங்கினேன். அம்மா பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மா பலகையின் கம்பில் கை வைத்தேன். அவ்வளவுதான்.

“எடு கைய! பலகயத் தொட்டின்னா கைய ஒடிச்சிப் போட்டுருவேன்!”

சின்ன வயதிலிருந்து இதே பாட்டுதான். பொறந்ததிலிருந்து உப்பளத்தைப் பார்க்கிறேன், ஒரு நாள்கூடப் பலகை பிடித்ததில்லை. ஆராயி பெண் உப்பு வாரக்கூடாது. இது என் அம்மா ஆராயி போட்ட சட்டம். மேஸ்திரி தனக்கோடி மாமா தூரத்திலிருந்து, “லண்டன் நர்ஸம்மாவுக்குப் பலகையெல்லாம் எதுக்கு?” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கழுத்து ஒரு பிடி உயர்ந்தது.

எனக்கு வேலை கிடைத்திருப்பது ஸ்காட்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில். வீடியோ இன்டர்வியூவில் எடுத்துவிட்டார்கள். இங்கிலீஷ் பரீட்சை மட்டும் பாக்கி. பிப்ரவரி வரைக்கும் இடத்தை வைத்திருப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு வெளிநாடு என்றால் லண்டன்தான். பரீட்சை ஒன்று இருப்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

பரீட்சை.

எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் தீர வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

சென்னையில் ஏசி ரூம். எதிரே ஒரு அம்மா, வெள்ளைத் தலைமுடி, நல்ல முகம். கேள்விக் கார்டைத் திருப்பினேன். ‘மறக்க முடியாத ஒரு பயணம்.’ ராஜ்கமல் சார் சொன்னது அப்படியே வந்துவிட்டது! ஓட்டமாக ஓட்டினேன். சிம்லா, ஹோட்டல், கேரம்போர்டு, “வீ வேர் ஸ்நோட் இன்.” அந்த அம்மா பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்: “வாசலை அடைத்த பனியை என்ன செய்தீர்கள்?”

ஜெராக்ஸில் அது இல்லை.

வாசலில் வெள்ளையாகக் கிடக்கிறது. என்ன செய்வோம்? என் வாய் என்னைக் கேட்காமல் உப்பளத்தைப் பேசியது. பலகையால் வாரினோம் என்றேன். கூம்பாகக் குவித்தோம் என்றேன். பிறகு பனையோலை போட்டு மூடினோம் என்றேன்.

“ஓலையா? எதற்கு?”

“மழை வந்தால் வீணாகிவிடும். மழைக்கு அப்புறம்தானே நல்ல விலை கிடைக்கும்.”

கடவுளே. சிம்லாவில் பனியை வாரி, குவித்து, ஓலை மூடி, விலை ஏறட்டும் என்று காத்திருந்தவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு எதையோ எழுதினார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மா கேட்டாள், “நல்லா பண்ணியா?” “ம்” என்றேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மற்ற மூன்று பகுதியும் பாஸ். ஸ்பீக்கிங் போய்விட்டது. ஆரோக்கியசெல்விக்கும் போய்விட்டது. அவளைப் பரீட்சை அம்மா சிம்லாவில் பாதியிலேயே நிறுத்திவிட்டாராம், “உங்களுக்கு முன்னால் வந்தவரும் இதையே சொன்னார்” என்று.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் தெருமுனைக் கடையில் நின்றேன். சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “திரும்ப எழுதலாமா?” எழுதலாம் என்றேன். “அப்ப சரி” என்று மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டில் யாரோ எப்படியோ மோப்பம் பிடித்து ‘உன் பொண்ணு பெயிலாமே’ என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா குரல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது:

“பெயிலுன்னு எவ சொன்னா? வாய்தா வாங்கிக்கினு வந்துருக்கா!”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. வாய்தாவாம்.

அக்டோபர் 7, திங்கள்

ராஜ்கமல் சார் சிம்லாவை மாற்றிவிட்டார். இனிமேல் மணாலி.

“சார், கதை அதேதானே?” என்றேன். “ஊர் வேறம்மா” என்றார்.

எழுந்தேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன், நான் பார்த்ததைச் சொன்னால் என்ன என்று. “என்னம்மா பார்த்திருக்க நீ? உப்பளம், வெயிலு. அத வெச்சு பேண்ட் ஏறாது.”

எனக்கு முகம் சுட்டது. பேண்ட் ஏறாதாமே! எங்கள் உப்பளத்தில் நடந்ததில் ஒன்றுகூட இங்கிலீஷில் சொல்லும்படியாக இல்லையா? வீட்டுக்கு வரும் வரை பஸ்ஸில் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். மனதுக்குள் நான்தான் ஜெயித்தேன்.

ஆனால் ஒன்று உண்மை. நடந்ததில் எதைச் சொல்வது? ‘ஸ்நோட் இன்’ என்பதை எங்கே வைப்பது? மரக்காணத்தில் பனி கொட்டப்போகிறதா?

நவம்பர் 29, வெள்ளி

புயல் இங்கேதான் கரையேறும் என்கிறார்கள். நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். அம்மா காலையிலேயே உப்பளத்துக்குப் போகிறாளாம், குவியல்களின் ஓலையை இறுக்கிக் கட்ட. “போகாதம்மா” என்றேன். “வருசம் பூரா வாருனத மழைக்குக் குடுக்கச் சொல்றியா?”

டிசம்பர் 2, திங்கள்

கரன்ட் இல்லை. மெழுகுவர்த்தியும் இல்லை, பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உடம்பெல்லாம் வலி. இருந்தாலும் இன்று எழுதாவிட்டால் எப்போது எழுதுவது.

சனிக்கிழமை மத்தியானம் ஆகியும் அம்மா வரவில்லை. கூட்டி வரப் போனேன். அவளும் இன்னும் சில பெண்களும் தனக்கோடி மாமாவும் குவியல்களை மூடி முடித்திருந்தார்கள். லாரி டிரைவர் மோகனும் அங்கே மாட்டியிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. எல்லோரும் உப்பு மூட்டை அடுக்கும் ஷெட்டுக்குள் ஓடினோம். கழுவெளி ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் ஏறி வந்தது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. ஷெட்டுக்குள் இடுக்கு வழியாகக் கசிந்தது கணுக்கால் அளவுதான். ஆனால் தகரக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியே தண்ணீர் இடுப்பு வரை நின்று கதவை அழுத்திக்கொண்டிருந்தது. மோகன் அண்ணனும் பெண்களும் சேர்ந்து தள்ளினோம், அசையவில்லை.

மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். அப்போதுதான் என் வாயில் அது வந்தது. ஸ்நோட் இன். ஸ்நோட் இன்.

“என்னாடி முணுமுணுக்கிற, ஜெபமா?” என்றாள் அம்மா.

சொன்னேன். பனி கொட்டி வாசலை மூடிவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சொல்கிற வார்த்தை என்று.

“அதுக்குன்னு தனியா ஒரு வார்த்த வெச்சிருக்காங்களா?” என்றாள் அம்மா ஆச்சரியமாக. பிறகு யோசித்து, “நமக்கு வருசா வருசம் வருது. பேரு வெச்சிக்கினு இருந்தா யாரு தண்ணி எறைக்கிறது?” என்றாள்.

இரவு எப்படியோ போனது. ஞாயிறு விடிந்தது. தனக்கோடி மாமா வழக்கம்போல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். புயலை, முதலாளியை, மோகனை, அம்மா கட்டிய முடிச்சை. திடீரென்று திட்டுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கையைத் தொட்டேன், சில்லென்று வேர்த்திருந்தது. என்னைப் பார்த்து வேறு யாரோ பேரைச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். டப்பாவில் கொண்டுவந்த ஊசியைக் காலையில் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். சாப்பாடுதான் இல்லை, சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிட்டது. இந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னாரா? மேஸ்திரி ஊசி போடுவதை யாரும் பார்க்கக்கூடாதாம். கௌரவம்!

“இனிப்பு! யார்கிட்ட என்ன இருந்தாலும் எடுங்க!”

சுற்றிலும் டன் கணக்கில் உப்பு. ஒரு கை சர்க்கரை இல்லை. பெண்களின் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு. டீ பிளாஸ்க் காலி. மாமாவின் கண் மேலே போனது. நான் கத்தினேன் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

மோகன் அண்ணன், “வண்டில ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸு பாதி பாட்டில் இருக்குது” என்றார். சொல்லிக்கொண்டே ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினார். உப்புக் காற்று தின்ற கம்பி, இரண்டு ஆட்டில் கையோடு வந்துவிட்டது. வெளியே குதித்து, இடுப்புத் தண்ணீரில் லாரிக்குப் போய், பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். கேஸ் போய், சில்லிப்பும் போய், ஈ மொய்க்கிற மாதிரி ஒரு கூல்டிரிங்க்ஸ். மாமாவால் இன்னும் விழுங்க முடிந்தது, அது போதும். தலையை என் மடியில் தூக்கிப் பிடித்து, மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். அவசரப்படவில்லை. புரையேறினால் அதுவே எமன்.

கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“ஆராயி, அந்த மூணாவது குவியல் ஓலய ஒழுங்கா கட்னியா இல்லியா?”

திட்டிவிட்டார். பிழைத்துவிட்டார். பெண்கள் எல்லோரும் ஒன்றாக அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. “எம் பொண்ணு” என்றாள், ஏற்கெனவே அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை.

மத்தியானம் தண்ணீர் வடிந்து கதவு திறந்தது. குவியல்களில் பாதி கரைந்துபோயிருந்தது. மூன்றாவது குவியல் அப்படியே நின்றது.

டிசம்பர் 12, வியாழன்

கிளாஸில் என் முறை வந்தது. மணாலிக்குப் பதில் ஷெட்டைச் சொன்னேன். இங்கிலீஷ் நான்கு இடத்தில் தடுக்கியது. நிறுத்தவில்லை. முடித்தேன். ராஜ்கமல் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

“நல்லா இருக்குது. ஆனா ‘ஸ்நோட் இன்’ போயிடுச்சேம்மா.”

“போகல சார். பரீட்சைல கடைசியா வெப்பேன்.”

எனக்கு அப்போதே தெரியும், எங்கே வைப்பது என்று.

2025

ஜனவரி 18, சனி

அதே கட்டிடம், அதே ஏசி. இந்த முறை ஒரு ஆள், தாடி வைத்தவர். கார்டு: ‘மோசமான வானிலையால் உங்கள் திட்டம் மாறிய ஒரு நாள்.’

என்னிடமா கேட்கிறீர்கள்!

சொன்னேன். எங்கள் ஊர் பேர், கழுவெளி, தகரக் கதவு, திட்டுவதை நிறுத்திய மேஸ்திரி, உப்பு மூட்டைக்கு நடுவே சர்க்கரை தேடியது. பாதியில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு முதலில் பயம், பிறகு பயம் போய்விட்டது. கடைசியில் சொன்னேன்: இது உங்கள் ஊராக இருந்து, அது பனியாக இருந்தால், நாங்கள் ‘ஸ்நோட் இன்’ ஆகியிருந்தோம் என்று சொல்வீர்கள். எங்கள் ஊரில் அது தண்ணீர். அதற்கு எங்களிடம் தனி வார்த்தை இல்லை. தண்ணீர் இறைக்கிற வேலை இருப்பதால் பேர் வைக்க நேரமில்லை என்று என் அம்மா சொல்கிறாள்.

அவர் சிரித்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிற மாதிரி கேட்டார்: “அந்த மனிதர் நலமா?”

“இன்று காலையில்கூட என் அம்மாவைத் திட்டினார்” என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

பாஸ்.

பாஸ் பாஸ் பாஸ்.

அம்மா உப்பளத்தில் எல்லோருக்கும் ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்தாளாம். லட்டு வேண்டாமா என்று கேட்டதற்கு, “லட்டா எம் பொண்ண ஜெயிக்க வெச்சிது?” என்றாளாம். தனக்கோடி மாமா சர்க்கரைக்காரர் என்பதால் ஒரே ஒரு மூடி.

மார்ச் 16, ஞாயிறு

ஆரோக்கியசெல்வி போன். அவளும் பாஸ், அவள் அப்பாவின் கட்டுமரக் கதையைச் சொல்லி. அது போகட்டும். ராஜ்கமல் சார் புது ஜெராக்ஸ் போட்டுவிட்டாராம். மேலே கொட்டை எழுத்தில் ‘மரக்காணம் ஸ்டோரி’! புது பேட்ச் முழுக்க உப்பு ஷெட்டில் மாட்டிக்கொண்டு, கூல்டிரிங்க்ஸ் கொடுத்து ஒரு மேஸ்திரியைப் பிழைக்க வைக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிம்லாவுக்கும் மணாலிக்கும் சமமாக எங்கள் ஊர் ஏறிவிட்டதே! ஆனாலும் சாருக்குப் போன் பண்ணி, “அதைச் சொல்றவங்க எல்லாம் பெயிலாவாங்க சார், எடுத்துருங்க” என்றேன். எடுப்பார் என்று நினைக்கிறேன்.

தனக்கோடி மாமாவிடம் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு, “எத்தினி பேரும்மா என்னப் பொழைக்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

நாளைக்கு விமானம். அம்மா ஏர்போர்ட்டுக்கு வரமாட்டாளாம். வாருகிற சீசன், ஆள் பத்தாதாம். பொய். அழுவதை நான் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நானும் அந்த அம்மாவுக்குப் பிறந்தவள்தானே, நானும் அழவில்லை.

2026

ஜனவரி 11, ஞாயிறு

ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் தொடை உயரத்துக்கு வெள்ளைச் சுவர். இந்த ஊர்க் கதவு உள்பக்கம் திறக்கிறது. புத்திசாலிகள்.

வார்டுக்குப் போன் பண்ணி, “ஐயாம் ஸ்நோட் இன்” என்றேன். நிஜமாகவே இருந்துகொண்டு அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சிஸ்டர் இன்சார்ஜ், “சரி, வழி திறந்ததும் வா” என்றார், ஏதோ பஸ் லேட் என்று சொன்ன மாதிரி. இந்த ஊருக்கு அது அவ்வளவு சாதாரணம்.

வழி தானாகவா திறக்கும்? கதவோரம் ஒரு ஷவல் இருந்தது, பனி வாருகிற பலகை. எடுத்தேன். கம்பைப் பிடித்ததும் ஒரு நொடி நின்றேன், யாராவது கத்துவார்களா என்று. யாரும் இல்லை. வாரினேன். அம்மா வாருகிற மாதிரி, முதுகை வளைக்காமல், காலை முன்னால் வைத்து, இழுத்து ஒதுக்கி. வாசலிலிருந்து ரோடு வரைக்கும் பாதை போட்டேன். வாரியதை ஓரமாகக் குவித்தேன், கூம்பாக. வேறு மாதிரிக் குவிக்க எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாதையில் ஒரு வாளி உப்பைத் தூவினார், வழுக்காமல் இருக்க. செம்மண் நிறத்தில் ஒரு உப்பு. அதை எங்கள் ஊரில் மாட்டுக்குக்கூட வைக்கமாட்டார்கள். சொல்லவில்லை, நல்ல மனுஷர்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மத்தியானம், ஞாயிற்றுக்கிழமையும் உப்பளத்தில்தான் இருந்தாள். புது சீசனுக்குப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்களாம். போனைத் திருப்பிப் பாதையைக் காட்டினேன், குவியலைக் காட்டினேன்.

“யாரு வாருனது?”

“நான்தாம்மா.”

   அம்மா திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தாள், அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. கையை ஒடிப்பேன் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“மொன சரியில்ல” என்றாள்.  “இன்னும் கூரா ஏத்து. மொட்டையா வுட்டா தண்ணி நிக்கும்.”

பிறகு போனைச் சுற்றித் திருப்பினாள். மண், வானம், யார் யாரோ முகம். “பாத்தீங்களா! எம் பொண்ணு வாருனது! எம் பொண்ணு!” தூரத்தில் தனக்கோடி மாமா குரல்: “அழகாத்தான் இருக்குது. ஓலையப் போட்டு மூடச் சொல்லு!”

கால் முடிந்ததும் ட்யூட்டிக்குக் கோட்டை மாட்டினேன். போவதற்கு முன்னால் ஷவலை எடுத்து முனையைச் சரி செய்தேன்.